நாலு பத்து

திங்கள் மாலை நாலு மணிக்குக் கப்பல்.
அதற்கு முந்தின நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்
மூக்கில் குச்சி விட்டிருக்க வேண்டும்.
விரல் மடக்கி மூன்று தடவை எண்ணினேன்:
சனிக்கிழமை நாலு மணி.
செக்காலை ரோட்டு லேப்
சனிக்கிழமை ஒரு மணிக்கே ஷட்டரை இறக்கிவிடும்.

சீட்டு எடுத்த பணம்.
மூன்று இரவு, ஜன்னல் இல்லாத அறை.
ஜன்னலுக்கு ஆளுக்கு ஒன்பதாயிரம் கூட.
"கடலை வெளியே போய்ப் பார்த்துக்கலாம்" என்றார் வைரவன்.

பத்து நாளாக யாரோடும் புழங்கவில்லை.
பள்ளத்தூர்க் கல்யாணத்துக்கு மொய்யை மட்டும் அனுப்பிவிட்டு
மூட்டுவலி என்று சொன்னேன்.
மறுநாள் நிஜமாகவே வலித்தது.
பின்சுவருக்கு அந்தப் பக்கம் மெஸ்.
பதினோரு மணிக்கு வரமிளகாய் வறுப்பார்கள்,
இருபது வருஷமாகத் தும்முகிறோம்.
இந்தப் பத்து நாள் மட்டும்
ஒவ்வொரு தும்மலுக்கும்
ஒருவரை ஒருவர் திருடனைப் போலப் பார்த்தோம்.
விடிந்ததும் காபித்தூள் டப்பாவைத் திறந்து முகர்வேன்.
வாசனை வருகிறது.
நேற்றைவிடக் கொஞ்சம் குறைவோ?
டப்பாவை அவரிடம் நீட்டுவேன்.

தேவகோட்டையில் ஒரு லேப், போனை எடுக்கவில்லை.
சிவகங்கை பெரியாஸ்பத்திரியில் இலவசம்,
ரிப்போர்ட்டுக்கு மூன்று நாள்.
மதுரைக்கே போய்விடலாமென்றால்
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இருமித் தொலைத்தால்?

கடைசியில் ஜெசிந்தாதான்.
"ஐஸ் பெட்டி அஞ்சு மணி பஸ்ஸுக்குத்தான் போகும்க்கா.
அதுவரை நான் இருப்பேன், வாங்க."
பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தபோது
மூன்று ஐம்பத்தாறு.
"உக்காருங்க, நாலு ஆகட்டும்.
கடிகாரம் முன்னப்பின்ன இருந்தா வம்பு."
மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்திருந்தோம்,
வேறு பேச்சு வரவில்லை.
நாலு பத்துக்குக் குச்சியைப் பிரித்தாள்.
வைரவன் கண்ணில் நீர் வழிந்தது,
இருபத்தாறு வருஷத்தில் நான் பார்த்த மூன்றாம் முறை.
"பாஸ்போர்ட்டுல இருக்கிற மாதிரியே எழுதும்மா,
வெறும் வி போடாதே, வைரவன்னு முழுசா.
நாச்சம்மைக்கு ரெண்டு எம், கடைசியில ஐ."
சீட்டில் எழுதி என்னிடமே வாசித்துக் காட்டினாள்.
"கப்பல்ல போட்டோ எடுத்து அனுப்புங்கக்கா."

அரிசி தீர்ந்தாலும் இல்லை என்று சொல்லாமல்
நிறைஞ்சிருக்கு என்றே பழகின வாய் எனக்கு.
இல்லை என்ற ஒரு சொல்லை வாங்க
இரண்டாயிரத்து நானூறு கட்டிவிட்டு
ஞாயிறு முழுக்கப் போனையே தடவிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி, காரைக்குடி ஸ்டேஷன் இரண்டாம் பிளாட்பாரத்தில்
வந்து விழுந்தது.
அவருக்கு நெகட்டிவ்.
எனக்கும் நெகட்டிவ். பெயர் சரி. இரண்டு எம் சரி.
வயது: இருபத்தைந்து.
மதுரையில் யாரோ ஐம்பத்திரண்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

"இருபத்தஞ்சு வயசுப் பொண்ணோட கப்பலுக்குப் போறேன்"
என்று பெட்டியைத் தூக்கினார்.
பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பாஸ்போர்ட்டையும் போனையும் அருகருகே வைத்து
நாளை ஒரு சட்டைக்காரர் கேட்கப்போவதற்கு
பதில் தயாரித்துக்கொண்டிருந்தேன்.
ஜெசிந்தாவுக்கு மூன்று செய்தி, ஒரு கும்பிடு.
திருச்சி தாண்டியதும் சிரிப்பு வந்தது,
அடக்க முடியாத சிரிப்பு.
அவர் தூங்கிவிட்டிருந்தார்.

ஒரு மணி பதினேழுக்குப் போன் அதிர்ந்தது.
"சார் வீட்டுக்கே போன் போட்டு மாத்த வச்சிட்டேன்க்கா.
பாத்துக்கோங்க."
பார்த்தேன். ஐம்பத்திரண்டு.
கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

எழும்பூரில் இன்னும் விடியவில்லை.
தாளில் பிரதி வேண்டுமாம், போனில் காட்டினால் செல்லாதாம்.
ஜெராக்ஸ் கடை வாசலில்
இரண்டு பெட்டி, இரண்டு டீ, நாங்கள்.
ஷட்டர் தரைவரை இறங்கியிருக்கிறது.
வைரவன் தும்மினார்.
பக்கத்தில் எங்கும்
மிளகாய் வறுக்கிற வாசனை இல்லை.